வயர்லெஸ் பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆகலாமா? குளச்சல் பக்கத்துத் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிட்டுத் தொடங்குகிறேன், பின்னால் வாசிக்க வருகிறவர்களுக்கும் விஷயம் புரியட்டும். ஊர் குளச்சல் பக்கம், அப்பா தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகிறவர், நீங்கள் தனியார் கல்லூரியில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) இறுதியாண்டு. வயர்லெஸ் பாதுகாப்பு, அப்புறம் சைபர்-பிசிகல் சிஸ்டம்ஸ், அதாவது கணினி நேரடியாக மோட்டாரையும் வால்வையும் பிரேக்கையும் இயக்குகிற அமைப்புகளின் பாதுகாப்பு, இதில் முனைவர் பட்டம் வாங்கிப் பேராசிரியராக இங்கிருந்து வழி உண்டா, இல்லை வீட்டில் சொல்கிறபடி ஐடி கம்பெனியில் சேர்ந்துவிடுவதா என்பது கேள்வி. கூடவே, 'எதிக்கல் ஹேக்கிங்' சான்றிதழ் படிப்பு ஒன்றுக்கு முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்து என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

நான் தக்கலைக்காரன். உங்களைப் போலவே சுமாரான ஒரு கல்லூரியில் இசிஇ படித்தேன். அங்கே லேபில், எந்த அலைவரிசையில் என்ன வருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று உண்டு, துணி போர்த்தி பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்று மட்டும் மேஜைக்கு வரும். நான்கு வருஷத்தில் அதன் பொத்தானை நான் தொட்டதில்லை. பிறகு கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக், ஐரோப்பாவில் முனைவர் பட்டம், அங்கேயே கொஞ்ச காலம் வேலை, இப்போது வடக்கே ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் பாடம் நடத்துகிறேன். ஆக, இந்தப் பாதையில் நடந்து கால் தேய்ந்தவன் சொல்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள், நல்லதும் கெட்டதுமாகத்தான் சொல்வேன்.

முதலில் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் பாஸ்வேர்டை உடைப்பதும் வைஃபையைத் திருடுவதும்தான் இது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள், வந்த பிறகு சலித்துப் போகிறார்கள்.

சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் திறக்கிற கார்களைப் பார்த்திருப்பீர்கள். கார் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் மெதுவாகக் கூப்பிடும், அந்தக் கூப்பாடு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. சாவி அதைக் கேட்டு விழித்து, ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் அனுப்பும். பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும். இப்போது, மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டுக்குள் சுவரில் ஆணியில் சாவி தொங்குகிறது, கார் ரோட்டோரம் நிற்கிறது என்று வையுங்கள். ஒருவன் காருக்குப் பக்கத்தில் ஆன்டெனாவோடு நிற்கிறான், இன்னொருவன் சுவருக்கு வெளியே, சாவி தொங்கும் இடத்துக்கு நேராக. கார் கூப்பிடுவதை முதலாமவன் வாங்கி இரண்டாமவனுக்கு அனுப்ப, அவன் சுவர் வழியாகச் சாவிக்குக் கேட்க வைக்கிறான், சாவி அப்பாவியாகப் பதில் சொல்கிறது. ரகசியக் குறியீட்டில் கை வைக்கவே இல்லை, கார் திறந்து வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும். 2011-இல் சூரிச்சில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் 8 கம்பெனிகளின் 10 மாடல் கார்களில் இதைச் செய்து பார்த்தார்கள், பத்தும் திறந்தது.

அந்தக் காரை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் கிடையாது. 'சாவி பதில் சொல்கிறது என்றால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது' என்று ஒரு நம்பிக்கை, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் யாரும் சரிபார்க்கவும் இல்லை. எங்கள் வேலை முழுக்க இதுதான். ஒரு இயந்திரம் எதை நம்பி ஓடுகிறது, அந்த நம்பிக்கை பொய்யானால் என்ன நடக்கும், பொய்யாகாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி. கருவி, மென்பொருள், நிரல் மொழி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, கார் விஷயத்துக்கு மருந்து என்ன? பதில் வந்ததா என்று மட்டும் பார்க்காமல் எவ்வளவு நேரத்தில் வந்தது என்றும் அளக்க வேண்டும். ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும், அதை யாராலும் வேகப்படுத்த முடியாது. நடுவில் நின்று கடத்துகிறவன் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கேட்பதற்குச் சுலபம். ஆனால் சாவிக்குள் இருக்கும் சில்லு யோசித்துப் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தில் ஒரே ஒரு மைக்ரோ நொடி முன்பின் ஆனாலும், போகவர என்று பார்த்தால் தூரத்தில் 150 மீட்டர் பிசகும். இந்த யோசனையைத் தாளில் எழுதியவர்கள் பிராண்ட்ஸ், சௌம் என்ற இருவர், 1993-இல். கார்கள் திறந்து காட்டப்பட்டது 2011-இல். அல்ட்ரா வைட்பேண்ட் அலையில் பாதுகாப்பாகத் தூரம் அளக்கும் தரநிலை, 802.15.4இசட் என்பது, 2020-இல் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 27 வருஷம். இந்தத் துறையில் பொறுமை எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் நான் 1993, 2011, 2020 என்ற இந்த மூன்று வருஷங்களைத்தான் சொல்வேன்.

இதே மாதிரி வேறு சிலவும் உண்டு, ஒவ்வொன்றாக விரிக்கவில்லை. 2008-இல் அமெரிக்காவில், இதயத் துடிப்பு தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டரோடு ரேடியோவில் பேசி அதன் அமைப்புகளை மாற்ற முடியும் என்று காட்டினார்கள். 2015-இல் கொரியாவில், டிரோனுக்குள் சாய்வையும் சுழற்சியையும் உணரும் கைரோஸ்கோப்புக்குச் சரியான சுருதியில் சத்தம் கொடுத்து டிரோனை விழ வைத்தார்கள், அதில் வயர்லெஸ்ஸே கிடையாது, வெறும் ஒலிதான். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது, இயந்திரம் எதை நம்பி ஓடுகிறது என்ற அந்த ஒரே கேள்விதான்.

இப்போது உங்கள் வீட்டுச் சமாசாரத்துக்கு வருவோம். அப்பாவின் போட்டில் ஜிபிஎஸ் இருக்கும், எந்த இடத்தில் மீன் கிடைத்தது என்ற பாயிண்டுகளை அவர் பேங்க் பாஸ்புக்கைவிட பத்திரமாக வைத்திருப்பார். அந்தச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன, அங்கிருந்து வருகிற அலை தரைக்கு வரும்போது வெறும் இரைச்சலைவிடவும் அடியில் கிடக்கிறது, ரிசீவர் அதைத் தோண்டி எடுக்கிறது. பொதுமக்கள் பயன்படுத்தும் அந்த சிக்னலின் அமைப்பு முழுக்க வெளியிடப்பட்ட ஒன்று, யாரும் அதேபோல் உண்டாக்கலாம், கொஞ்சம் பலமாக அனுப்பினால் ரிசீவர் அதையே நம்பும். 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று, உரிமையாளரின் அனுமதியோடு, மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய சொகுசுப் படகை இப்படித் திருப்பிக் காட்டியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா, போலி சிக்னல் படகைத் திருப்பவே இல்லை. படகு பாதையிலிருந்து விலகுகிறது என்று ஜிபிஎஸ் பொய் சொன்னது, ஓட்டியவர்கள் நீரோட்டம் தள்ளுகிறது என்று எண்ணித் தாங்களே சுக்கானைத் திருத்தினார்கள். திரையில் கோடு நேராகவே இருந்தது, கடலில் படகு வளைந்து போனது.

உங்கள் தாத்தாவிடம், இல்லை அந்த வயதில் கரையில் இருக்கிற யாரிடமாவது, ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கடலுக்குள் பார் என்கிற, மீன் சேரும் பாறைத் திட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். ஒரு பக்கம் கோயில் கோபுரமும் பின்னால் மலை உச்சியும் ஒரே கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கயிறு இறக்கி ஆழம் பார்ப்பார்கள், ஈயக்குண்டில் ஒட்டி வருவது மணலா சேறா என்றும் பார்ப்பார்கள். ஒன்றை ஒன்று சாராத மூன்று சாட்சி. இன்றைக்கு ஜிபிஎஸ் ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்க வெளிவரும் கட்டுரைகளில் பாதி இந்த வேலையைத்தான் கணிதத்தில் செய்கின்றன: ஜிபிஎஸ் சொல்வதை, அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு சென்சார் சொல்வதோடு ஒப்பிடு. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் இன்னொரு வழியில் போகின்றன, அவை அனுப்பும் தகவலோடு சரிபார்ப்பு முத்திரையும் சேர்ந்து வருகிறது. இரண்டு வழிக்கும் ஓட்டை உண்டு, அதனால்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், அன்றாடம் எப்படி இருக்கும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. முனைவர் பட்ட இரண்டாம் வருஷம். ஜன்னலோரம் ஒரு ஆன்டெனா, மலிவான ரிசீவர், வாரக்கணக்கில் ஜிபிஎஸ் சிக்னலைப் பதிவு செய்து, அலைவரிசையில் சந்தேகமான நகர்வு இருந்தால் எச்சரிக்கும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். ஒரு நாள் அது எச்சரித்தது. மறுநாளும், ஏறக்குறைய அதே நேரம், மதியம் இரண்டு மணியை ஒட்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவில் நுவார்க் விமான நிலையத்தில், முதலாளிக்குத் தெரியாமல் சுற்றுவதற்காக லாரியில் ஜிபிஎஸ் சிக்னலை அமுக்கிவிடும் ஜாமர் மாட்டிக்கொண்டு போன டிரைவரால் தரையிறக்கும் கருவி குழம்பியது, 2013-இல் அவருக்கு ஏறக்குறைய 32,000 டாலர் அபராதம் போட்டார்கள். அதை வாசித்திருந்தேன், அதனால் நம் தெரு வழியாகவும் யாரோ ஒரு டிரைவர் சாப்பாட்டுக்குப் போகிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். மூன்று மாசம் அதன் பின்னால் அலைந்தேன், ஜன்னலில் நின்று லாரி நம்பர் எல்லாம் குறித்தேன். படங்கள், அட்டவணை எல்லாம் போட்டு நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "உன் ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும்?"

அவ்வளவுதான். ரிசீவருக்குள் நேரத்துக்குத் தாளம் போடுகிற சின்னப் படிகம் ஒன்று உண்டு, மலிவானதில் அது சூட்டுக்கு நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் போய்விடும். வெயில் ஏறினால் தாக்குதல், மேகம் வந்தால் தாக்குபவர் விடுமுறை. ஒரு வெள்ளைத் தாளை மறைப்பாக வைத்தேன், தாக்குதல் நின்றுவிட்டது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்தத் துறையில் முனைவர் பட்டம் என்பது முக்கால்வாசி இதுதான், உங்கள் கருவியைச் சந்தேகப்பட்டு, அளவைச் சந்தேகப்பட்டு, கடைசியாக மீதி இருக்கிறது என்றால் அதை மட்டும் எழுதுவது. இதில் சலிப்பு வராது என்கிறவர்களுக்குத்தான் இது ஒத்துவரும். 'ஹேக்கர்' என்று சட்டையில் போட்டுக்கொள்ள ஆசை என்றால் மக்கா, வேறு வழி நிறைய இருக்கு.

நம் மாவட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் வெளிநாட்டில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, மற்றவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வகத்துக்குள் கட்டி வைப்பதில் பாதி நம் ஊரில் வெயிலில் நிற்கிறது. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சின்ன அளவில் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள், தாக்கிப் பார்த்து ஆராய்வதற்கென்றே. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் நிற்கிற காற்றாடிகளைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய அதே காலை, வயாசாட் என்ற கம்பெனியின் செயற்கைக்கோள் இணைய மோடம்களை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செயலிழக்கச் செய்தார்கள். குறி உக்ரைன், ஆனால் அதே இணைப்பை நம்பியிருந்த ஜெர்மன் கம்பெனி ஒன்றின் 5,800 காற்றாலைகள் கட்டுப்பாட்டு அறையின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. இறக்கைகள் நிற்கவில்லை, தானாக ஓடுகிற முறையில் சுற்றிக்கொண்டே இருந்தன, தூரத்தில் இருந்து பார்க்கவோ கட்டளை கொடுக்கவோதான் வழியில்லை. யாருக்கோ வைத்த குறி யாரையோ பிடித்தது. ஒவ்வொரு காற்றாடியும் எந்தத் தொடர்பை நம்பி இருக்கிறது, அது போனால் எந்த நிலைக்குப் போகும், காற்று உச்சத்தில் அடிக்கிற ஆடி மாசத்தில் போனால் என்ன ஆகும், இது ஒரு நல்ல எம்.டெக் ஆய்வுக்குப் போதும்.

கடல் இன்னும் பெரியது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்த ராத்திரி உங்களுக்கு எத்தனை வயது என்று தெரியவில்லை, ஊரில் அதைச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. ஏற்கெனவே தங்கலுக்குப் போயிருந்த போட்டுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனதுதான் அன்றைய கொடுமை, போட்டில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ செட்டு சில பத்து கிலோமீட்டரோடு நின்றுவிடும், ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர்க்காரர்களின் தூரத்துக்கு அது எம்மாத்திரம். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் வந்தன, 2024 ஆகஸ்டில் கரையோர மாநிலங்களில் ஒரு லட்சம் போட்டுகளுக்கு இரு வழியிலும் பேசும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நம் தொழில் புத்தி என்ன கேட்க வேண்டும்? புயல் எச்சரிக்கை வருகிறது, அதை அனுப்பியது உண்மையிலேயே அனுப்ப வேண்டியவர்தானா என்று கருவி எப்படித் தெரிந்துகொள்கிறது? இரண்டு தரம் பொய் எச்சரிக்கை வந்தால் மூன்றாம் தரம் அப்பா கருவியை நம்புவாரா, அணைத்து வைப்பாரா? போட்டு நிற்கும் இடம் என்று அது அனுப்புவதைக் கரையில் இருப்பவர் எதை வைத்து நம்புகிறார்? எல்லை தாண்டினார்கள் என்று இந்தியப் பெருங்கடலில் டியகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்ட நம் ஆட்கள் உண்டு, இடத்துக்குச் சாட்சி என்பது அங்கே ஜெயிலா வீடா என்ற கேள்வி. இவற்றுக்குப் பதில் இருக்கலாம், ஓட்டை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்விகளைப் போட்டுக்குள் இருந்து கேட்கத் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் மிகக் குறைவு, நீங்கள் பிறந்ததே அங்கேதான்.

தோவாளை, பூதப்பாண்டி பக்கம் தோட்டத்துக்குப் போனால் செல்போன் ஸ்டார்ட்டர் பார்க்கலாம். பதிந்து வைத்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும், மறுபடி கூப்பிட்டால் நிற்கும். கூப்பிடுகிறவரின் எண் என்று திரையில் வருவதை எவ்வளவு நம்பலாம்? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் மரூச்சி என்ற ஊரில், 2000-இல், வேலை கேட்டுக் கிடைக்காத கோபத்தில் ஒருவர் காரில் லேப்டாப்பும் ரேடியோவுமாகச் சுற்றி, கழிவுநீர் பம்ப் நிலையங்களுக்குப் பொய்க் கட்டளை கொடுத்தார், ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஆற்றிலும் ஒரு ஹோட்டல் வளாகத்திலும் போய்ச் சேர்ந்தது. ரேடியோவில் வந்த கட்டளையை அந்த பம்ப்கள் அப்படியே நம்பின. இன்றைக்கும் பாடத்தில் முதல் வாரம் இதைத்தான் நடத்துகிறோம்.

சரி, வேலை, சம்பளம், வருஷம். அம்மாவுக்கு இதுதான் தேவை, இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உள்நாட்டில் என்றால் கேட் எழுதி எம்.டெக், மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதன்பின் பிஎச்.டி, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை அளவில் 2023 தொடக்கத்திலிருந்து 37,000, மூன்றாம் வருஷம் முதல் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்கில் முடிப்பவர்கள் குறைவு, ஆறாவதும் நடக்கும். வெளிநாட்டில், அமெரிக்கா என்றால் பி.இ. முடித்ததும் நேராக பிஎச்.டிக்கே விண்ணப்பிக்கலாம், நல்ல இடங்களில் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. கையில் இருந்து பணம் கட்டி பிஎச்.டி செய்யச் சொல்கிற இடம் எதுவானாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் பிஎச்.டி மாணவர் என்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர், ஆனால் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள். சார்புரூக்கனில் இருக்கும் சிஸ்பா ஆய்வு மையம், 'போகும்' (Bochum) என்ற ஜெர்மன் ஊரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் பாதுகாப்பு நிறுவனம் போன்றவை இளங்கலையோடும் எடுப்பதுண்டு. பிறகு ஒன்று முதல் மூன்று வருஷம் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை. ஐஐடியில் உதவிப் பேராசிரியர், கிரேட் 1 என்றால் அடிப்படைச் சம்பளம் 1,01,500. ஆக, உங்கள் நண்பர் ஐடியில் சேர்ந்து வீடு கட்டி முடிக்கும்போது நீங்கள் பெங்களூரிலோ போகுமிலோ ஒரு அறையில் ரிசீவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதைச் சம்மதித்துத்தான் இறங்க வேண்டும். வீட்டில் கடன் அழுத்தினால் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வருவதில் ஒரு தப்பும் இல்லை, எம்பெடட் அல்லது டெலிகாம் வேலையாக இருந்தால் அது பின்னால் உதவும்.

நம் நாட்டில் இடம் இல்லையா என்றால், பத்து வருஷத்துக்கு முன்பு கொஞ்சம் அப்படித்தான், இப்போது நிலைமை வேறு. 2018 டிசம்பரில் சைபர்-பிசிகல் அமைப்புகளுக்கென்று 3,660 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் ஒன்று ஒப்புதல் பெற்றது, அதில் 25 மையங்கள், ஐஐடி கான்பூரில் இருப்பது முழுக்கப் பாதுகாப்புக்கே. அங்கே மின் கட்டமைப்பு, தண்ணீர் விநியோகம் போன்றவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளை வைத்தே சோதிக்கிறார்கள். பெங்களூர் ஐஐஎஸ்சியில் சைபர்-பிசிகல் அமைப்புகளுக்குத் தனி மையம் 2011 முதலே உண்டு. சென்னையில் ஐஐடியும் இருக்கிறது. ஆனால் ஒன்று, நிறுவனத்தின் பேரைப் பார்க்காதீர்கள், நெறியாளரைப் பாருங்கள். அவருடைய கடைசி மூன்று வருஷக் கட்டுரைகளைப் பாருங்கள், அவற்றில் மாணவர் பெயர் முதலில் இருக்கிறதா, அவரிடம் பட்டம் வாங்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், இருவரிடமாவது பேசுங்கள். பேர் பெற்ற நிறுவனத்தில் கவனிக்க நேரமில்லாத நெறியாளரிடம் மாட்டி ஏழு வருஷம் வீணானவர்களை எனக்கு நேரில் தெரியும்.

கட்டுரை விஷயத்தில் நம் ஊரில் பெரிய குழப்பம் இருக்கிறது. இந்தத் துறையில் உயர்ந்தவை ஜர்னல்கள் கிடையாது, மாநாடுகள். யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, ஐஇஇஇ செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, சிசிஎஸ், என்டிஎஸ்எஸ், இந்த நான்கும் பெரியவை, வயர்லெஸ்ஸுக்கென்றே வைசெக் என்று ஒன்று உண்டு. அனுப்புவதில் ஐந்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளில் பதவி உயர்வுக்கு, ஸ்கோபஸ் என்ற கட்டுரைப் பட்டியலில் உள்ள ஜர்னல் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள், அதனால் பணம் கட்டினால் பத்து நாளில் போடுகிற பத்திரிகைகள் தழைக்கின்றன. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அப்படி ஐந்து கட்டுரை இருப்பதைவிட ஒன்றும் இல்லாமல் விண்ணப்பிப்பது நல்லது, பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஆர்வத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கேட்பது வேறு, அனுப்புவது வேறு. ஜாமர், போலி ஜிபிஎஸ் இதையெல்லாம் மொட்டைமாடியில் செய்து பார்த்தால் அது குற்றம், அதைவிட, திருவனந்தபுரத்தில் இறங்குகிற விமானங்கள் நம் தலைக்கு மேல்தான் போகின்றன. நாங்கள் ஆய்வகத்தில் காற்றில் விடவே மாட்டோம், கம்பி வழியாக, நடுவில் சிக்னலைக் குறைக்கும் கருவி வைத்து, அலை வெளியே கசியாத கவச அறைக்குள் செய்வோம். அலுமினியச் சட்டிக்குள் மூடி வைத்தால் போதும் என்று யாரோ வீடியோ போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். அனுப்பிப் பழக ஆசையாக இருந்தால் அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வு எழுதுங்கள், 12 வயது ஆனாலே எழுதலாம். ஓட்டை கண்டுபிடித்தால் முதலில் தயாரித்தவருக்குச் சொல்லி அவகாசம் கொடுக்க வேண்டும், அதிலும் எப்போதும் சுமுகமாக முடியாது. கார் சாவிக்குள் இருக்கும் மெகமாஸ் என்ற சில்லின் குறியீட்டை உடைத்தவர்களின் கட்டுரையை 2013-இல் ஃபோக்ஸ்வாகன் இங்கிலாந்து நீதிமன்றத்தில் போய்த் தடுத்தது, 2015-இல்தான் ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அது வெளிவந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வருஷம்.

இனி அந்த முப்பதாயிரம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று ஒரு யூஎஸ்பி குச்சி கிடைக்கும், டிவி பார்க்கச் செய்த சில்லு, பல வகை அலைகளையும் கணினிக்குள் வாங்கித் தரும் ரேடியோவாகப் பயன்படும் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். சில ஆயிரம் ரூபாய்தான், கேட்க மட்டுமே முடியும், அனுப்ப முடியாது, அதனால் யாருடைய சிக்னலையும் கெடுக்காது. அந்த அலைகளைக் கணினியில் அலசும் ஜிஎன்யு ரேடியோ மென்பொருள் இலவசம். முதலில் விமானங்கள்: அவை 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் இடத்தையும் உயரத்தையும் எந்தப் பூட்டும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போகும், 6.9 சென்டிமீட்டர் செம்புக் கம்பி ஒன்று ஆன்டெனாவுக்குப் போதும். அப்புறம் கப்பல்கள்: தங்கள் எண்ணையும் இடத்தையும் தாங்களே சொல்லும் ஏஐஎஸ் என்ற முறை, 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். முட்டம் கலங்கரை விளக்கம் பக்கம் மேட்டில் உட்கார்ந்தால் கொழும்புக்குப் போகிற கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தன் எண்ணைச் சொல்லும், இந்தியக் கப்பல் என்றால் 419 என்று தொடங்கும். அதிலும் பூட்டு இல்லை, கப்பல் சொல்வதுதான் இடம். அந்த சிக்னலைப் படிக்கும்படி பிரித்துத் தரும் டீகோடர் மென்பொருளை இறக்கிப் போட்டுவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள், டீகோடரை நீங்களே எழுதுங்கள். இரண்டு மாசம் ஆகும், பரவாயில்லை. எழுதியபின், ஒரு கப்பல் சொல்லும் இடம் உண்மையா என்று கப்பல் சொல்லாத ஏதாவது ஒன்றை வைத்து, சிக்னலின் பலமோ, அலைவரிசையின் நகர்வோ, சரிபார்க்க முயலுங்கள். தோற்றாலும் நான்கு பக்கம் எழுதுங்கள். எனக்கு வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல் வருகிறது, 'டியர் ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் பேஷனேட்' என்று தொடங்குவதை நான் முழுக்க வாசிப்பதில்லை, ஒரு வரைபடத்தோடு, இது ஏன் இப்படி வளைகிறது என்று கேட்டு வருவதற்கு அன்றைக்கே பதில் போடுவேன். என்னைப் போன்ற எல்லாரும் அப்படித்தான்.

படிப்பில், சிக்னல் பிராசசிங்கும் நிகழ்தகவும் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். இசிஇ ஆள் என்பதில் கூச்சப்படாதீர்கள், கணினி அறிவியல் பிள்ளைகள் ரேடியோ என்றால் ஒதுங்குவார்கள், இங்கே உங்களுக்குத்தான் கை ஓங்கும். சி, பைத்தான் இரண்டும் போதும். ஆங்கிலம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கும் வராமல்தான் இருந்தது, கட்டுரை எழுதி எழுதித் திருத்து வாங்கி வந்தது.

இன்னும் ஒன்று. அப்பா அடுத்த தங்கலுக்குப் போகுமுன், ஜிபிஎஸ் எப்போதாவது கோளாறாகக் காட்டியிருக்கிறதா, எந்தக் கடலில், அப்போது அவர் எதைப் பார்த்து அது தப்பு என்று கண்டுகொண்டார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஒரு பேச்சில் வராது, நாலைந்து தரம் கேட்க வேண்டும். நான் கிறிஸ்துமஸ் லீவுக்குத் தக்கலை வருவேன். அந்த நோட்டையும், வாங்கியிருந்தால் அந்தக் குச்சியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், முட்டத்தில் உட்கார்ந்து கப்பல் கேட்போம்.